கணினி கேள்வி–பதில்: ஒரு பிரிண்டர், இரண்டு கணினிகள்

கேள்வி: வீட்டில் ஒரு டெஸ்க்டாப், ஒரு லேப்டாப், இரண்டிலும் விண்டோஸ் 11. எப்சன் எல்3110 பிரிண்டர் டெஸ்க்டாப்போடு இணைந்திருக்கிறது. லேப்டாப்பில் பிரிண்ட் எடுக்க ஒவ்வொரு தடவையும் கேபிளைக் கழற்றி மாட்டுகிறோம். வேறு வழி உண்டா?

பதில்: இந்த மாடலில் வைஃபை இல்லை, யுஎஸ்பி மட்டும்தான். எனவே டெஸ்க்டாப் வழியாகத்தான் பகிர வேண்டும். முதலில் இரண்டு கணினிகளும் ஒரே ரவுட்டரில் இருக்கட்டும். லேப்டாப் 'கெஸ்ட்' (விருந்தினருக்கான தனி) வைஃபையில் இருந்தால் டெஸ்க்டாப் கண்ணுக்கே தெரியாது. அடுத்து, இரண்டிலும் நெட்வொர்க் 'பிரைவேட்' என்று இருக்கிறதா பாருங்கள். 'பப்ளிக்' என்று இருந்தால் ஃபயர்வால் பகிர்வை விடாது. பிறகு அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில் பிரைவேட் பகுதியில் 'நெட்வொர்க் டிஸ்கவரி', 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' இரண்டையும் ஆன் செய்யுங்கள்.

இனி டெஸ்க்டாப்பில் 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' போய், பிரிண்டரைத் திறந்து, பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் 'ஷேரிங்' தாவலைச் சொடுக்கிப் பகிருங்கள். இடைவெளி இல்லாத சின்னப் பெயராக வையுங்கள். லேப்டாப்பில் எப்சன் டிரைவரை (பிரிண்டரை இயக்கும் மென்பொருளை) முன்கூட்டியே நிறுவிவிட்டு, விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்தி, இரண்டு பின்சாய்கோடும் (\) டெஸ்க்டாப்பின் பெயரும் தட்டினால் பிரிண்டர் தெரியும். வலது சொடுக்கில் 'கனெக்ட்' கொடுங்கள். பெயருக்குப் பதில் ஐபி எண்ணை (ரவுட்டர் கணினிக்குத் தரும் முகவரியை) தட்டி இணைக்க வேண்டாம். ரவுட்டர் அதை மாற்றினால் இணைப்பு அறுந்துவிடும். டெஸ்க்டாப் ஸ்லீப்புக்குப் போனாலும் பிரிண்ட் வராது, அதனால் பவர் அமைப்பில் ஸ்லீப்பை நிறுத்திவையுங்கள்.

கேள்வி: லேப்டாப்பிலிருந்து டெஸ்க்டாப்போடு இணைக்கும்போது பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது. தினமும் போடும் 4 இலக்க எண்ணைக் கொடுத்தால் தவறு என்கிறது.

பதில்: அந்த எண் 'பின்'. அது அந்தக் கணினிக்குள் நுழைய மட்டும்தான், நெட்வொர்க்கில் செல்லாது. டெஸ்க்டாப்பில் உள்ள கணக்கின் உண்மையான பாஸ்வேர்டுதான் வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கும் உதவாது. வெற்றுப் பாஸ்வேர்டோடு வெளியிலிருந்து வருபவரை விண்டோஸ் உள்ளே விடுவதில்லை. வீட்டில் பகிர்வு நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம், பழி மட்டும் பிரிண்டர் மேல் விழுகிறது.

சுலபமான வழி, பிரிண்டர் உள்ள கணினியில் பகிர்வுக்கென்றே சாதாரண உரிமையுள்ள ஒரு லோக்கல் கணக்கைப் பாஸ்வேர்டோடு உருவாக்குவது. மற்ற கணினியில் கேட்கும்போது முதலில் பிரிண்டர் உள்ள கணினியின் பெயர், ஒரு பின்சாய்கோடு, பிறகு கணக்கின் பெயர் என்று கொடுத்து, நினைவில் வைக்கும் கட்டத்தில் டிக் செய்யுங்கள். 'பாஸ்வேர்டு ப்ரொடெக்டட் ஷேரிங்'கை அணைத்துவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வீட்டு வைஃபைக்குள் வரும் எவரும் பகிர்ந்ததைத் திறக்க அது வழிவிடும்.

கேள்வி: இணைக்கும்போது 11பி என்று முடியும் பிழை எண் வருகிறது. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடத்தில்) ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். 2021-இல் விண்டோஸின் அச்சுச் சேவையில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு, பிரிண்டர் உள்ள கணினி இணைப்பில் கூடுதல் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. ஒன்றில் அப்டேட் ஏறி மற்றதில் ஏறாமல் இருந்தால் இந்தப் பிழை வரும். ரெஜிஸ்ட்ரியைப் பூஜ்யமாக்குவது அந்தப் பாதுகாப்பை அணைப்பதுதான்.

இரண்டிலும் எல்லா அப்டேட்டையும் ஏற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்படியும் வந்தால், பிரிண்டரை 'மேனுவல்' முறையில் சேர்த்து, புதிய போர்ட்டாக (இணைப்பு வழியாக) 'லோக்கல் போர்ட்' தேர்ந்து, இரண்டு பின்சாய்கோடு, கணினியின் பெயர், ஒரு பின்சாய்கோடு, பகிர்வுப் பெயர் என்று கொடுங்கள். டிரைவரைப் பட்டியலிலிருந்து நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலும் இதில் சரியாகிவிடும்.

கேள்வி: பிரிண்ட் வருகிறது, ஆனால் இரண்டாவது கணினியில் ஸ்கேனர் தெரியவில்லையே?

பதில்: தெரியாது. விண்டோஸ் பகிர்வது அச்சடிக்கும் பகுதியை மட்டுமே. அடிக்கடி ஸ்கேன் தேவையில்லை என்றால், பிரிண்டர் உள்ள கணினியில் ஸ்கேன் செய்து பகிர்ந்த ஃபோல்டரில் சேமித்தால் போதும்.

அடிக்கடி வேண்டுமென்றால் இரண்டு கணினி, ஒரு சாதனத்துக்கான யுஎஸ்பி ஸ்விட்ச் (பொத்தானை அமுக்கி பிரிண்டரை ஒரு கணினியிலிருந்து மற்றதுக்கு மாற்றும் பெட்டி) வாங்குங்கள். டிரைவர் இரண்டிலும் இருக்க வேண்டும். யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஸ்விட்சுக்கு முன்னும் பின்னும் உள்ள நீளத்தைக் கூட்டி அதற்குள் வைத்தால் தொல்லை இல்லை. அச்சு ஓடும்போது பொத்தானை அமுக்கினால் தாள் பாதியில் நிற்கும், வேலை வரிசையில் மாட்டிக்கொள்ளும். அப்போது அச்சு வரிசையைக் கவனிக்கும் 'பிரிண்ட் ஸ்பூலர்' சேவையை நிறுத்தி, சிஸ்டம்32-க்குள் ஸ்பூல் ஃபோல்டரில் உள்ள 'பிரிண்டர்ஸ்' ஃபோல்டரைக் காலி செய்து மறுபடி தொடங்குங்கள். ஸ்விட்ச் ஒரு பக்கம் இருக்கும்போது மறு கணினியில் பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்றுதான் காட்டும், அது பழுதல்ல.

கேள்வி: ஒரே கீபோர்டு, மவுஸை இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: மைக்ரோசாஃப்ட்டின் இலவசக் கருவித் தொகுப்பான பவர்டாய்ஸில் 'மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ்' இருக்கிறது. இரண்டிலும் நிறுவி, ஒன்று தரும் பாதுகாப்புச் சாவியை மற்றதில் கொடுங்கள். மவுஸ் திரையின் ஓரத்தைத் தாண்டி அடுத்த கணினிக்குப் போகும். கோப்பையும் நகலெடுத்து ஒட்டலாம், 100 எம்பிக்குள் இருந்தால். அதற்கு மேல் பகிர்ந்த ஃபோல்டர்தான்.