கேள்வி – பதில்: ஆதித் திருச்சபையில் பெண்கள்

கேள்வி: தேயிலைத் தோட்ட வேலை முடிந்து மாலையில் கூடும் எங்கள் பெண்கள் ஐக்கியத்துக்கு ஒரு மணி நேரப் பாடம் எடுக்க வேண்டும். ஆதிச் சபையில் பெண்கள் வெறும் உதவிக்காரர்கள்தானா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: இல்லை. முதலில் வேதாகமத்தில் ரோமர் 16-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். பெபேயாள் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி. பவுலுக்கே ஆதரவாக இருந்தவர். அடுத்து அப்போஸ்தலர் 16: இரத்தாம்பரம் விற்ற லீதியாள் பிலிப்பியில் தன் வீட்டையே திறந்துவிட்டார். அன்று தனிக் கோயில் கட்டடம் கிடையாது, வீடுதான் சபை. வீட்டுக்காரிக்கு எவ்வளவு பொறுப்பு இருந்திருக்கும் என்று உங்கள் பெண்களே சொல்லிவிடுவார்கள்.

அதிக நேரத்தைப் பெண் டீக்கன்களுக்கு, அதாவது சபையில் ஊழியப் பதவி வகித்த பெண்களுக்கு, ஒதுக்குங்கள். 3-ஆம் நூற்றாண்டுச் சிரியாவின் சபை ஒழுங்கு நூல் ஒன்று அவர்கள் பணியைத் தெளிவாகச் சொல்கிறது. ஞானஸ்நானத்தில் பெண்ணின் தலையில் பிஷப் எண்ணெய் பூசுவார். உடலுக்குப் பூசுவது பெண் டீக்கன். நீரிலிருந்து ஏறியவளை ஏற்றுப் போதிப்பதும் அவரே. விசுவாசியல்லாதவர் வீட்டில் நோயுற்ற பெண்ணை ஆண் டீக்கன் போய்ப் பார்க்க முடியாது, அங்கும் இவர்தான். குழந்தை ஞானஸ்நானம் பெருகியதும், வளர்ந்த பெண்களுக்கு எண்ணெய் பூசும் தேவை குறைந்தது, பதவியும் தேய்ந்தது. ஆனாலும் 451-இல்கூட இப்பதவி இருந்தது: அந்த ஆண்டு பிஷப்புகள் கூடிய கல்கெதோன் சங்கம் இதற்குக் குறைந்தது 40 வயது ஆகியிருக்க வேண்டும் என்று வைத்தது.

'பெண் உபதேசிக்கக் கூடாது' என்ற 1 தீமோத்தேயு 2:12-ஐ யாராவது கட்டாயம் எடுப்பார்கள். ஒதுக்கிவிடாதீர்கள். பெண்கள் சபையில் ஜெபித்ததையும் தீர்க்கதரிசனம் சொன்னதையும் காட்டும் 1 கொரிந்தியர் 11:5-ஐ அருகில் வைத்து, இரண்டையும் சேர்த்தே வாசியுங்கள்.