தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் கிளாட் (CLAT) நுழைவுத் தேர்வின் லாஜிக்கல் ரீசனிங்கில், அதாவது தர்க்கத் திறனைச் சோதிக்கும் பகுதியில், எப்போதும் இரண்டு விடைகள் சரிபோலவே தெரிகின்றன. எப்படிப் படிப்பது?

நீங்கள் ப்ளஸ் டூ படிப்பவர் என்று நினைக்கிறேன். நான்கு விடைகளில் இரண்டைச் சட்டென்று தள்ளிவிடுகிறீர்கள், மிச்ச இரண்டில் மாட்டிக்கொள்கிறீர்கள். நானும் அதே இடத்தில்தான் ஒரு வருடம் நின்றேன்.

2022 டிசம்பரில் முதல் முறை எழுதினேன். 150 கேள்வி, இரண்டு மணி நேரம், தப்பான விடைக்குக் கால் மார்க் போகும். சீட் கிடைக்கவில்லை. நான் சேர்ந்திருந்த பயிற்சி மையத்தில் ரத்த உறவு, திசை, வட்ட மேசையில் யார் பக்கத்தில் யார் என்று பழைய நோட்ஸையே நடத்தினார்கள். 2020-லேயே தேர்வு பத்தியைப் படித்து விடை சொல்வதாக மாறிவிட்டது. (புதிர்கள் வரவே வராது என்று நான் சொல்லவில்லை, அதையும் பழகுங்கள். நான் எழுதிய இரண்டு முறையும் பெரும்பாலும் வாதப் பத்திகள்தான்.)

அடுத்த வருடம் வீட்டிலிருந்தே படித்தேன். ஒரு மாக் டெஸ்டில் மதுவிலக்கு பற்றி ஒரு பத்தி. கடைகளை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும், அதனால் மதுவிலக்கு பலன் தராது என்பது வாதம். இதை எது பலவீனப்படுத்தும் என்று கேள்வி. 'குடியால் குடும்பங்கள் அழிகின்றன' என்ற விடையை யோசிக்காமல் குறித்தேன். தப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கள் அப்பா குடித்தே போனவர். அது எப்படித் தப்பாகும்?

அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். பத்தியைத் தமிழில் சொன்னேன், நான் குறித்த விடையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "குடும்பம் கெடாதுன்னா அவன் சொன்னான்? கள்ளச்சாராயம் வந்துரும்னுதானே சொல்றான். நீ அதுக்குப் பதில் சொல்லு."

சரியான விடை, மதுவிலக்கு வந்த பிறகும் கள்ளச்சாராயம் பெருகாத ஒரு மாநிலத்தைப் பற்றியது. நான் குறித்தது உண்மைதான், ஆனால் அந்த வாதத்தை அது தொடவே இல்லை. பத்தியில் இல்லாததை என் வீட்டிலிருந்து கொண்டுபோயிருக்கிறேன். உங்களுடைய இரண்டு விடைகளிலும் ஒன்று பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

அதன்பிறகு ஒவ்வொரு பத்திக்கும் 'இவன் கடைசியில் என்ன சொல்கிறான், எதை வைத்துச் சொல்கிறான்' என்று தமிழில் இரண்டு வரி எழுதினேன். எழுத வராவிட்டால் எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம். வாதத்தின் அனுமானம், அதாவது அது சொல்லாமலே நம்பியிருப்பது, எது என்று கேட்டால் விடையை மறுத்துப் பார்ப்பேன். பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே மாற்றினால் நெரிசல் குறையும் என்கிறதா பத்தி? 'நெரிசலுக்குப் பேருந்து நிலையம் காரணமே இல்லை' என்று வைத்துப் பாருங்கள், வாதம் படுத்துவிடும். அப்படியானால் நிலையம்தான் காரணம் என்பதைத்தான் அவர் சொல்லாமலே நம்பியிருக்கிறார்.

தமிழில் எழுதிப் பார்ப்பது நேரத்தை வீணாக்கும் என்று சிலர் வருவார்கள். பரீட்சை ஹாலில் எழுதச் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் 120 கேள்வி, 120 நிமிடம், அங்கே எதற்கும் நேரமில்லை. வீட்டில் ஆறு மாதம் எழுதினால் ஹாலில் தானாக மனதில் ஓடும். எனக்கு இந்தப் பகுதியில் அந்த முறை நான்குதான் தப்பு.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தேர்வுக்கு விண்ணப்பக் கட்டணம் 4,000 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் 3,500. இரண்டு முறையும் அம்மா வட்டிக்கு வாங்கித்தான் கட்டினார். அதுவும் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கும் தேர்வு. நான் ஆங்கிலத்துக்கு எதிரி இல்லை, கல்லூரியில் இப்போது அதில்தான் படிக்கிறேன். ஆனால் வாதத்தைப் பிரித்துப் பார்க்கும் திறமை ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத என் அம்மாவிடம் இருந்தது. அவருக்கு அந்தக் கேள்வித்தாளில் ஒரு வரிகூட வாசிக்க வராது.