சைக்கிளில் போனால் சிக்னல் பச்சைக்கு மாறுவதில்லை, காந்தம் ஒட்டினால் சரியாகுமா?

ஆகாது. காந்தத்துக்குக் காசு செலவழிக்காதீர்கள். கலிஃபோர்னியாவில் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பினால், பின்னால் ஒரு கார் வரும்வரை சிவப்பிலேயே நிற்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் இங்கேதான் சைக்கிள் ஓட்டுகிறேன். பெரும்பாலான சிக்னல்களில், நிற்கும் இடத்தைக் கொஞ்சம் மாற்றினாலே வேலை நடந்துவிடும்.

நிறுத்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ரோட்டை அறுத்துத் தாரால் மூடிய கோடுகள் தெரிகின்றனவா? பெரும்பாலும் 6 அடி அகலத்தில், சதுரமாகவோ வட்டமாகவோ இருக்கும். அந்த வெட்டுக்குள் கம்பிச் சுற்று புதைந்திருக்கிறது. அதில் மாறுதிசை மின்சாரம் ஓடிக்கொண்டே இருப்பதால், சுற்றி ஒரு காந்தப்புலம் உண்டாகிறது. மேலே உலோகம் வந்து நின்றால் அதற்குள்ளும் வட்டமாகச் சுற்றும் மின்சாரம் (சுழல் மின்னோட்டம்) உண்டாகி, கம்பிச் சுற்றின் மின்தூண்டல் அளவு (இண்டக்டன்ஸ்) சற்றுக் குறையும். ரோட்டோரப் பெட்டியில் உள்ள கருவி கவனிப்பது இந்தக் குறைவைத்தான். எடைக்கு இதில் வேலையே இல்லை. இரும்பாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை, அலுமினிய ரிம் நன்றாகவே பிடிபடும். நிலையான காந்தத்தால் எந்த மாற்றமும் வராது.

சரி, எங்கே நிற்பது? சதுரத்தின் நடுவில்தான் எல்லோரும் நிற்கிறோம். சைக்கிளுக்கு அதுதான் மோசமான இடம். நடுவில் காந்தப்புலம் செங்குத்தாக மேலே வருகிறது. நேராக நிற்கும் சக்கரத்தை ஊடுருவாமல் அதன் ஓரமாகவே போய்விடும். கம்பிக்கு நேர் மேலே புலம் படுக்கையாகத் திரும்பி, சக்கரத்தின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். அதனால் நீங்கள் போகும் திசையில் ஓடுகிற பக்கக் கோட்டின் மேல் இரண்டு சக்கரமும் வரும்படி நிறுத்துங்கள். சதுரத்தின் நடுவிலும் நீளவாக்கில் ஒரு வெட்டு இருந்தால் அதன் மேல் நிற்பது இன்னும் நல்லது. குறுக்குச் சாய்வான கோடுகள் இருந்தால் கவலையே வேண்டாம், உள்ளே எங்கே நின்றாலும் பிடிக்கும். சில இடங்களில் சைக்கிள்காரர் படம் வரைந்து, மேலும் கீழும் சின்னக் கோடு போட்டிருப்பார்கள். சக்கரம் அந்தக் கோடுகளில்தான் நிற்க வேண்டும்.

கார்பன் ரிம் என்றால் கஷ்டம்தான். அப்போது சைக்கிளைச் சுற்றுக்குள் நன்றாகச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கோடே தெரியாவிட்டால் மேலே கேமரா இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கார் நிற்கும் இடத்திலேயே லேனுக்கு நடுவில் நில்லுங்கள்.

இவ்வளவுக்கும் மசியாத சிக்னல் என்றால் பிரச்சினை உங்களிடம் இல்லை. அந்தக் கருவியின் உணர்திறனைக் குறைத்து வைத்திருப்பார்கள். அதைக் கூட்டி வைக்க முடியும், பல நேரங்களில் ரோட்டைத் தோண்டக்கூட வேண்டாம். 2007-ல் நிறைவேறிய ஏ.பி. 1581 என்ற கலிஃபோர்னியா மாநிலச் சட்டப்படி, புதிதாக வைக்கும் சிக்னலும், சுற்றை மாற்றிப் போடும் சிக்னலும், இயன்றவரை சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் உணரும்படி அமைத்துப் பராமரிக்கப்பட வேண்டும். பழைய சுற்றுகள் இதில் தானாக வந்துவிடாது. ஆனாலும் கேட்கத் தயங்காதீர்கள். காருக்குப் பச்சை தருகிற ரோடு சைக்கிளுக்கும் தரத்தான் வேண்டும். சிவப்பில் தாண்டிப் போகும் அபாயத்தை யாரும் நம் தலையில் கட்டக்கூடாது.

நகர நிர்வாகத்தின் போக்குவரத்துப் பிரிவுக்கு எழுதும்போது "சிக்னல் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால், கார் வந்தால் மாறுகிறதே என்று மூடிவிட வாய்ப்புண்டு. எந்தச் சந்திப்பு, எந்தத் திசை, எந்த லேன், எத்தனை மணி, கோட்டின் மேல் நின்றும் சைக்கிளை உணரவில்லை என்று எழுதுங்கள். நிற்கும் இடத்தைக் காட்டும் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அப்புறம் புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.