காரூ மணற்கல்: 9 சதவீதத் துளையை நம்பிப் பணம் போடலாமா?

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த் வாசகர் ஒருவரின் கேள்வி: "நம் நாட்டின் உட்பகுதியில் இருக்கும் வறண்ட காரூ நிலத்தில் எரிவாயு எடுக்கப் போவதாகச் சொல்லி ஒரு ஏஜென்ட் என் பென்ஷன் பணத்தைக் கேட்கிறார். மணற்கல் 40 மீட்டர் தடிமன், துளை 9 சதவீதம் என்று ஆய்வகச் சீட்டையும் காட்டினார். நம்பலாமா?"

அந்தச் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ராண்ட்கூடக் கொடுக்காதீர்கள் ஐயா. 9 சதவீதம் என்பது உண்மையாகவே இருக்கலாம். பாறைக்குள் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. அந்த இடத்திலிருந்து வாயு கிணற்றுக்கு வந்து சேருமா என்பது வேறு கேள்வி. அதற்குத் துளைகளை இணைக்கும் வழிகள் எவ்வளவு அகலம் என்று பார்க்க வேண்டும். இந்தக் கசியும் திறனை மில்லிடார்சி என்ற அலகில் அளப்பார்கள். 0.1 மில்லிடார்சிக்குக் கீழே போனால் அது 'இறுக்கமான' மணற்கல், வாயு லேசில் நகராது. தடிமன் 40 மீட்டரோ 100 மீட்டரோ, அந்த எண் மாறாது.

மணல் படியும்போதே பாதி விதி எழுதப்பட்டுவிடுகிறது. பரும்மணல், ஒரே அளவு மணி என்றால் நல்லது. பொடிமணலும் களிமண்ணும் கலந்திருந்தால் கெட்டது. மென்மையான பாறைத்துணுக்குகள் நிறைய இருந்தால், புதையும்போது அவை நசுங்கி இடுக்குகளை அடைத்துவிடும். வெப்பம் 70, 80 டிகிரியைத் தாண்டினால் குவார்ட்ஸ் மணிகளின் மேலேயே புது குவார்ட்ஸ் வளரத் தொடங்கும். பொரி உருண்டையில் பாகு அதிகமானால் இடைவெளி மூடிப்போவதைப் போலத்தான் இதுவும். காரூ மணற்கல் ஆழமாகவும் புதைந்தது. போதாததற்குச் சுமார் 18.3 கோடி ஆண்டுகளுக்கு முன் டோலரைட் என்ற எரிமலைவகைக் கரும்பாறை உருகிய குழம்பாக உள்ளே நுழைந்து சுற்றியிருந்த பாறையையும் சுட்டது. 1965-இல் தொடங்கிய சோகோர் என்ற அரசு எண்ணெய்த் தேடல் நிறுவனம் அங்கே துளையிட்டும் லாபத்துக்கு எடுக்கும் அளவு எதுவும் கிடைக்கவில்லை.

"எங்கள் பாறையில் குளோரைட் இருக்கிறது" என்று ஏஜென்ட் சொல்லக்கூடும். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இது பொய்யான வாதமல்ல. குளோரைட் என்ற பச்சைக் களிமண் ஒவ்வொரு மணியையும் மெல்லிய தோலாகச் சுற்றியிருந்தால், புது குவார்ட்ஸ் ஒட்ட இடமிருக்காது. அமெரிக்காவின் லூசியானாவில் டஸ்கலூசா மணற்கல் ஏறக்குறைய 6 கிலோமீட்டர் ஆழத்திலும் 20 சதவீதத்துக்கு மேல் துளையோடு இருப்பது இதனால்தான். ஆனால் அந்தத் தோல் முழுமையாக இருக்க வேண்டும். விட்டுவிட்டு இருந்தால் குவார்ட்ஸ் இடையில் புகுந்துவிடும். தடித்துப்போனால் வழியே அடைபடும். அப்புறம், களிமண்ணுக்குள்ளேயே இருக்கும் நுண்துளைகளும் அந்தச் சதவீதக் கணக்கில் சேர்ந்துவிடும். அவற்றிலிருந்து வாயு லேசில் வராது. எனவே குளோரைட் என்று பெயரைச் சொன்னால் போதாது, நுண்ணோக்கிப் படம் வேண்டும்.

சீட்டில் பெரிய தந்திரமே மாதிரியில்தான். கிணற்றிலிருந்து எடுத்த பல மீட்டர் பாறைத்தண்டில் ஒரே நல்ல துண்டை வெட்டி, உலர்த்தி, அழுத்தம் இல்லாமல் அளப்பார்கள். நூல்நூலாக வளர்ந்த இல்லைட் களிமண் உலரும்போது சுருண்டுவிடும், வழி திறந்தது போலக் காட்டும். ஆழத்தில் இருக்கும் அழுத்தத்தில் அளந்தால் அதே எண் பல மடங்கு குறையலாம். அழுத்தத்தில் அளந்த எண் எது, எந்த ஆழத்து மாதிரி, துளையில் தண்ணீர் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். "ரகசியம்" என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

இன்னொன்று. நிலம் வாங்கினால் அடியில் இருக்கும் வாயுவும் சொந்தம் என்று சிலர் பத்திரம் காட்டி விற்கிறார்கள். 2002-ஆம் ஆண்டின் 28-ஆம் எண் சட்டப்படி கனிமமும் பெட்ரோலியமும் நாட்டு மக்கள் எல்லோருக்கும் பொது, அரசு அதன் காவலர். உரிமையைக் கைமாற்ற அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். இத்தனை எளிய விஷயத்தைச் சாதாரண மக்களுக்குப் புரியும்படி ஒரு பக்கத்தில் எழுதி, பென்ஷன் வாங்கும் இடத்திலேயே ஒட்டி வைக்க அதிகாரிகளுக்கு என்ன தடை? படிவத்துக்குமேல் படிவம் கேட்கத் தெரிகிறது, ஏமாற்றுபவனைத் தடுக்க மட்டும் நேரமில்லை.

பணம் முதலீடு செய்ய ஆலோசனை சொல்பவருக்கு நிதிச் சேவை உரிமம் வேண்டும். அந்த எண்ணை வாங்கி, நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்.எஸ்.சி.ஏ. அமைப்பின் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். ஏஜென்ட் தேடித்தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள்.