கடற்கரை காட்டேஜ்: சீசன் வாடகையை நம்பி வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது, மனைவிக்கு 51. பல வருடங்களாக சீசன் நேரத்தில் கடற்கரையில் ஒரே காட்டேஜை வாடகைக்கு எடுத்துத் தங்கி வருகிறோம். இப்போது அதன் உரிமையாளர் விற்கப்போகிறார். முதலில் எங்களிடம்தான் கேட்டிருக்கிறார். விலையில் பாதியை ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து எடுத்து, மீதிக்கு 15 வருடக் கடன் வாங்கலாம் என்பது எண்ணம். வருடத்தில் ஐந்து வாரம் நாங்கள் தங்குவோம், மீதி 47 வாரம் வாடகைக்கு விட்டால் தவணை தானாகக் கட்டுப்பட்டுவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அங்கேயே போய்விட வேண்டும் என்பது மனைவியின் ஆசை. மாத முடிவுக்குள் அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இந்த மாதம் கொடுக்க வேண்டாம். வீடு மோசம் என்று சொல்லவில்லை. உங்கள் கணக்கில் ஒரே ஒரு பருவம்தான் இருக்கிறது. நீங்கள் பார்த்தது சீசன் கடல், கொடுத்தது சீசன் வாடகை, தங்கியது சீசன் வாரங்கள். அதையே 47-ஆல் பெருக்கிவிட்டீர்கள்.

தொகை எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. ஆகவே வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். சீசனில் ஒரு வார வாடகை 0.5, சீசனுக்கு முன்னும் பின்னும் உள்ள இடைக்காலத்தில் 0.35, ஆஃப் சீசனில் பாதி விலை, அதாவது 0.25. வருடத்தில் சீசன் 12 வாரம், இடைக்காலம் 16, ஆஃப் சீசன் 24. இவையெல்லாம் என் அனுமானங்கள். உங்கள் ஊர் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

நீங்கள் தங்கும் ஐந்து வாரத்தில் இரண்டு சீசனில், இரண்டு இடைக்காலத்தில், ஒன்று ஆஃப் சீசனில் என்று வையுங்கள். மீதி வாரங்களில் சீசனில் 80 சதவீதமும், இடைக்காலத்தில் பாதியும், ஆஃப் சீசனில் 15 சதவீதமும் ஆள் வந்தால் மொத்தம் 18, 19 வாரம்தான் வாடகை வரும். கையில் சேருவது சுமார் 7.3. முன்பதிவுத் தளத்தின் கமிஷன், சாவி கொடுத்து வாங்கிச் சுத்தம் செய்பவருக்கான கூலி, துணி வெளுப்பு, விருந்தினர் ஓட்டும் ஏசிக்கு மின்கட்டணம் எல்லாம் போனால் மூன்றில் ஒரு பங்கு கழியும். நிற்பது ஐந்துக்குச் சற்றுக் குறைவு.

கட்ட வேண்டியது எவ்வளவு? 50 கடனுக்கு 8 சதவீத வட்டி என்றால் வருடத் தவணை 5.7 வரும். பராமரிப்புக்கு 2, காப்பீடும் வரியும் சேர்ந்து 1. ஆக 8.7. வாடகை போக 3.7 உங்கள் சம்பளத்திலிருந்து வர வேண்டும். சம்பளம் நின்ற பிறகு? 15 வருடக் கடன் முடியும்போது உங்களுக்கு 69 வயது.

தவணையில் ஒரு பகுதி அசல்தானே, அது நமக்கே சேருகிறதே என்று கேட்பீர்கள். நியாயம். அசலை விட்டுவிட்டு உண்மைச் செலவை மட்டும் பார்ப்போம். முதல் வருட வட்டி 4. சேமிப்பிலிருந்து எடுத்த 50 வேறு இடத்தில் 6 சதவீதம் ஈட்டியிருந்தால் வரும் 3. பராமரிப்பு, காப்பீடு, வரி 3. மொத்தம் 10, வாடகை வரவு 5 போக மிச்சம் 5. இதே ஐந்து வாரத்துக்கு வாடகை கொடுத்துத் தங்கினால் 2 கூட ஆகாது. அந்த 3 வித்தியாசத்தை வீட்டின் விலை ஏறித்தான் ஈடுகட்ட வேண்டும். வருடம் தவறாமல் 3 சதவீதம் ஏறினால் வாங்குவதும் வாடகைக்கு இருப்பதும் சமம், அதுவும் பதிவுச் செலவைச் சேர்க்காமல். நிலம் ஏறலாம்; உப்புக் காற்றில் நிற்கும் கட்டடம் ஏறாது.

பராமரிப்புக்கு 2 சதவீதம் அதிகம் என்று தோன்றலாம். மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு முறை போய் அந்த வீட்டைத் திறந்து பாருங்கள். துணி அலமாரிக்குள் தலையை விட்டு முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாசனை வந்தால், ஆளில்லாத மாதங்களில் காற்றோட்டமே இல்லை என்று பொருள். ஜன்னல் கீலையும் தாழ்ப்பாளையும் அசைத்துப் பாருங்கள். ஏசியின் வெளி யூனிட்டில் அலுமினியத் தகடுகள் வெள்ளையாகப் பூத்து உதிர்கின்றனவா? அதைவிட முக்கியம் கூரையின் அடிப்பக்கம். பழுப்புக் கறையும் நேர்கோட்டில் ஓடும் விரிசலும் தெரிந்தால், உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கி உள்ளே இருக்கும் கம்பியைத் தொட்டுவிட்டது. துரு ஏறிய இரும்பு பழைய அளவைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். மேலே பூசி வெள்ளையடித்தால் ஒரு சீசன் தாங்கும், அவ்வளவுதான். விற்கப்போகும் வீட்டுக்குப் புது வெள்ளை அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். கட்டடப் பொறியாளர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் செலவில் மட்டும் கை இறுக்க வேண்டாம்.

புயல் காலத்துக்கு வருவோம். வட அட்லாண்டிக் கரையில் அது ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. வங்கக் கடலில் ஏப்ரல் முதல் ஜூன் வரையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையும். கடற்கரை வீட்டுக் காப்பீட்டில் மூன்று இடங்களை நிதானமாகப் படியுங்கள். ஒன்று, வீடு தொடர்ந்து 30 அல்லது 60 நாள் பூட்டிக் கிடந்தால் பாதுகாப்பு குறையும் என்ற விதி. விடுமுறை வீடு பூட்டித்தான் கிடக்கும். இரண்டாவது, புயல் சேதத்தில் நீங்கள் முதலில் ஏற்க வேண்டிய பங்கு. பல இடங்களில் அது நிலையான தொகை இல்லை, காப்பீட்டு மதிப்பில் 2 முதல் 5 சதவீதம். நம் கணக்கில் அது ஒரு வருட வாடகை வரவையே விழுங்கக்கூடிய அளவு. மூன்றாவது, வெள்ளம் தனி பாலிசியா என்பது. அமெரிக்க அரசின் வெள்ளக் காப்பீட்டில் பாலிசி எடுத்தால் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். வானிலை அறிக்கை கேட்ட பிறகு ஓடிப் பயனில்லை.

கரை எங்கே இருக்கிறது என்பதும் பணக் கணக்குதான். உலக சராசரிக் கடல் மட்டம் 1901-க்கும் 2018-க்கும் இடையே சுமார் 20 செ.மீ. உயர்ந்தது, 2006 முதல் 2018 வரை வருடத்துக்கு 3.7 மி.மீ. வேகம். சின்ன எண்தான், ஆனால் சரிவு குறைந்த மணல் கரையில் சிறு உயர்வுகூடப் பெரிய அகலத்துக்கு மணலை எடுத்துக்கொண்டு போகும். அமெரிக்காவின் நார்த் கரோலினா மாநிலத்தில் ரொடாந்தே என்ற கடலோர ஊரில் 2020 முதல் பல வீடுகள் கடலுக்குள் இடிந்து விழுந்திருக்கின்றன. உங்கள் காட்டேஜ் வாசலிலிருந்து அலை வரும் கோடு 20 வருடத்துக்கு முன் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று பழைய செயற்கைக்கோள் படங்களில் பார்க்கலாம், செலவில்லை. கரை தேய்கிற இடத்தில் இன்று நீங்கள் வாங்கலாம். 15 வருடம் கழித்து உங்களிடம் வாங்குபவருக்குக் கடன் கிடைக்குமா?

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. நீங்கள் சீசனில் ஒரு வாரம் தங்கினால், வாடகையாக வந்திருக்க வேண்டிய சுமார் 0.27 போகிறது. ஆஃப் சீசனில் ஒரு வாரம் தங்கினால் போவது 0.025, பத்தில் ஒரு பங்கு. ஆகவே கடல் வீடு கட்டுப்படியாவது ஆளில்லாத மாதங்களில் போய் இருக்கப் பிடித்தவர்களுக்குத்தான். பாதிக் கடை மூடியிருக்கும், கடல் கலங்கியிருக்கும், காற்று ஜன்னலை இடித்துக்கொண்டே இருக்கும், மாலை சீக்கிரம் இருட்டிவிடும். சிலருக்கு அதுதான் சுகம். சிலர் மூன்றாம் நாளே மூட்டை கட்டுவார்கள். நீங்கள் இருவரும் எந்த ரகம் என்று உங்களுக்கே இன்னும் தெரியாது, தெரிந்துகொள்ள வாய்ப்பே வரவில்லை. மற்றவர்கள் வரும் வாரங்களில் மட்டும் நீங்களும் போவதாக இருந்தால், அது யானையைக் கட்டித் தீனி போடுவதுதான்.

அதனால் வரும் 12 மாதத்தில் நான்கு முறை, பருவத்துக்கு ஒன்றாக, அங்கே வாடகைக்குப் போய் இருங்கள். ஆஃப் சீசனில் மட்டும் முழு மாதம் எடுங்கள்; மாத வாடகை என்று பேசினால் வார விலையின் நான்கு மடங்கைவிட நிச்சயம் குறையும், காலியாகப் போட்டிருப்பதைவிட அவருக்கும் மேல். உங்கள் மனைவி அந்த மாதத்தை விடுமுறையாக எண்ணாமல் குடித்தனமாக நடத்திப் பார்க்கட்டும். பல் வலி வந்தால் எங்கே போவது, இரவில் மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம், பேச்சுத் துணைக்கு யார் என்பதெல்லாம் அப்போது தெரியும். 70 வயதில் கேட்க வேண்டிய கேள்விகளை 54-ல் கேட்டுவிடலாம்.

அதற்குள் வேறு யாராவது வாங்கிவிட்டால்? வாங்கட்டும். புது உரிமையாளரும் வாடகைக்குத்தான் விடுவார்.

ஓய்வுக்காலப் பணத்தைப் பற்றி நான் பிடிவாதக்காரன். சேமிப்பில் பெரும் பங்கு ஒரே கட்டடத்தில், அதுவும் கடலோரத்தில் முடங்குவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மருத்துவச் செலவு வந்தால் படுக்கையறையை மட்டும் விற்க முடியாது. எல்லாம் பார்த்த பிறகும் ஆசை அப்படியே இருந்தால், தம்பி தங்கை குடும்பத்தோடு பங்கு போட்டு வாங்கலாம். ஆனால் சீசன் வாரங்கள் யாருக்கு எந்த வருடம், ஒருவர் விலக நினைத்தால் விலையை யார் மதிப்பிடுவது என்ற இரண்டையும் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே.

உரிமையாளரிடம் இன்றே மூன்று காகிதங்கள் கேளுங்கள்: கடைசி மூன்று வருடத்து முன்பதிவுப் பட்டியல், மாதவாரியாக மின்கட்டண ரசீதுகள், காப்பீட்டு பாலிசியின் முழுப் பிரதி. ஆள் வந்த மாதம் எது, பூட்டிக் கிடந்த மாதம் எது என்பதை மின்கட்டணம் பொய் சொல்லாமல் காட்டிவிடும். அவற்றைக் கொடுக்கத் தயங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். கொடுத்தால், நான் மேலே போட்ட 80, 50, 15 என்ற எண்களுக்குப் பதில் அவருடைய எண்களைப் போட்டு, வட்டி ஒரு சதவீதம் கூடினால் என்ன ஆகும் என்றும் சேர்த்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.