தண்ணீர் எத்தனை டிகிரி? குளிர்கால ஏரித் தூண்டில்: கேள்வி பதில்

குளிர்காலத்தில் மேற்பரப்பு உறைந்துபோகும் குளிர்நாட்டு நன்னீர் ஏரிகளில் தூண்டில் போடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வலை, பண்ணை வளர்ப்பு இரண்டும் என் துறை இல்லை. அவற்றைத் தொட மாட்டேன். கேட்கும்போது தண்ணீரின் வெப்பநிலையையும் ஆழத்தையும் சேர்த்து எழுதுங்கள். அவை இல்லாவிட்டால் என்னால் பொதுவாகத்தான் சொல்ல முடியும்.

கே: அண்ணா, கோடையில கரையோரமே நல்லா கடிச்சது. குளிர் வந்ததும் அதே இடத்துல ஒண்ணுமே இல்ல. மீனெல்லாம் எங்க போகுது?

ப: இதிலிருந்து தொடங்குவதே சரி. பெரும்பாலான திரவங்கள் குளிரக் குளிர அடர்த்தி கூடிக்கொண்டே போகும். தண்ணீர் மட்டும் 4 டிகிரி வரைதான் அப்படி. அதற்குக் கீழே குளிர்ந்தால் மறுபடி இலேசாகி மேலே வந்துவிடும். ஏரியின் குளிர்காலம் முழுவதும் இந்த ஒரு குணத்தால்தான் நடக்கிறது.

கோடையில் மேலே சூடான அடுக்கு, கீழே குளிர்ந்த அடுக்கு, நடுவே சட்டென்று வெப்பம் இறங்கும் ஒரு பட்டை. மேல்தண்ணீர் மெல்லக் குளிர்ந்து அடித்தண்ணீரின் வெப்பத்துக்கு வந்ததும் அந்தப் பட்டை உடையும். பிறகு ஒரு பலத்த காற்று போதும், மேலும் கீழும் கலந்துவிடும். அந்த நாட்களில் தண்ணீர் கலங்கலாக இருக்கும், அழுகல் வாடை வரும், மீன் ஓரிடத்தில் நிற்காமல் சிதறிக் கிடக்கும். கலக்கம் அடங்கியதும் அடி முதல் மேல் வரை ஏறத்தாழ ஒரே வெப்பம். இன்னும் குளிர்ந்தால் அடுக்கு தலைகீழாகும்: மேலே 0 டிகிரியை ஒட்டிய தண்ணீர், அடியில் 4 டிகிரி வரையிலான தண்ணீர்.

இதைக் கேட்டவுடன் எல்லோரும் ஏரியின் ஆழமான குழிக்குப் போய்விடுகிறார்கள். அங்கே மீன் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் முதலில் பார்ப்பது சரிவைத்தான்: மேடான பகுதி ஆழத்தில் இறங்கும் விளிம்பு, அதன் பக்கத்தில் இன்னும் பச்சை மாறாமல் நிற்கும் நீர்ச்செடி. செடி பழுப்பாகி அழுகத் தொடங்கினால் சிறு மீன் அங்கிருந்து கிளம்பிவிடும், அதைத் தின்னும் பெரிய மீனும் பின்னாலேயே போகும். உங்கள் கரையோரம் காலியானதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஒரு சிறிய வெப்பமானியைத் தூண்டில் நரம்பின் நுனியில், ஈயத்துக்கு மேலே கட்டி இறக்குங்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் இரண்டு நிமிடம் நிறுத்தி, வேகமாகச் சுற்றி எடுத்துப் படியுங்கள். பிறகு இரண்டு மீட்டர், நான்கு மீட்டர். வெயில் விழும் ஆழமில்லாத கரிய சேற்றுக் குடாவில், மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் ஒரு டிகிரி கூடியிருப்பதைப் பல நாள் பார்ப்பீர்கள். 5 டிகிரித் தண்ணீரில் அந்த ஒரு டிகிரி பெரிய விஷயம்.

கே: குளிருக்கு எந்த லூர் (செயற்கை இரை) பெஸ்ட்?

ப: எந்த மீனுக்கு, எத்தனை டிகிரியில்?

கே: கடிக்குதா இல்லையான்னே தெரியல சார். இரை மட்டும் காணாமப் போகுது.

ப: மீனின் உடல் வெப்பம் தண்ணீரின் வெப்பம்தான். தண்ணீர் 10 டிகிரி குறைந்தால் அதன் உடலியக்கம் பாதியாகவோ அதற்கும் கீழேயோ போய்விடும். பசியும் அதே அளவு குறையும், துரத்தும் வேகமும் குறையும். ஆகவே கோடையில் வருவது போன்ற வெட்டி இழுக்கும் கடியை எதிர்பார்க்காதீர்கள். மீன் இரையின் அருகே வந்து நிற்கும், வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சும், அதே இடத்தில் அசையாமல் நிற்கும். உங்கள் கைக்கு எதுவும் வராது.

ஜிக் (ஈயத்தலை கொண்ட முள்) போடுகிறவர்கள் கம்பின் நுனியைப் பாருங்கள். ஜிக்கின் எடையால் நுனி இலேசாக வளைந்திருக்கும். மீன் அதைக் கீழிருந்து தூக்கினால் வளைவு நிமிரும், நரம்பு ஒரு கணம் தொய்யும். அதுதான் கடி. தக்கை போடுகிறவர்களுக்குத் தக்கை மூழ்காது. கொஞ்சம் மேலே எழும், அல்லது சாயும். ஈயத்தைச் சரியாக அளந்து, தக்கையின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும்படி வைத்தால்தான் அந்த அசைவு கண்ணில் படும். நரம்பை மெல்லியதாக்குங்கள், முள்ளைச் சின்னதாக்குங்கள், இரையைப் பாதியாக்குங்கள்.

கே: நைலான், ஃப்ளூரோகார்பன், பிரெய்டு இதுல குளிருக்கு எது?

ப: நைலான் குளிரில் விறைத்துச் சுருள் சுருளாக வரும், அந்தச் சுருளே மெல்லிய கடியை விழுங்கிவிடும். பிரெய்டு (இழைகளைப் பின்னிச் செய்த நரம்பு) நீளாது, கடியை நன்றாகக் கடத்தும். ஆனால் தண்ணீரை ஏந்திக்கொண்டு வரும், உறைநிலைக்குக் கீழே அதுவே பனிக்கம்பியாகிவிடும். ஃப்ளூரோகார்பன் மூழ்கும், ஒளிவிலகல் தண்ணீருக்கு நெருக்கமாக இருப்பதால் மீனின் கண்ணில் குறைவாகப் படும். உறையாத நாளில் பிரெய்டும் அதன் நுனியில் ஃப்ளூரோகார்பனும், உறையும் நாளில் முழுக்க ஃப்ளூரோகார்பன் என்பது என் வழக்கம். கம்பின் வளையங்களில் பனி அடைத்தால் தட்டி உடைக்காதீர்கள், வளையத்தின் உள்பூச்சு போய்விடும். கம்பு நுனியைத் தண்ணீரில் முக்குங்கள், கரைந்துவிடும்.

கே: பனி எவ்வளவு தடிமன் இருந்தா மேல நடக்கலாம்?

ப: தெளிந்த, புதிய, நீலம் கலந்த பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர். ஒரு ஆள் நடக்க மட்டும். வெண்மையாக, பால் போலத் தெரிவது பனித்தூவி (வானிலிருந்து விழும் பனி) கலந்து உறைந்தது. அதன் பலம் பாதிதான், ஆகவே தடிமன் இரட்டிப்பாக வேண்டும். ஒரே இடத்தில் துளைபோட்டுப் பார்த்துவிட்டு ஏரி முழுக்க அப்படியே என்று நம்பாதீர்கள். ஓடை சேரும் இடம், ஊற்றுக்கண், பாலத்தடி, நாணல் புதர், பறவைகள் கூட்டமாக நீந்திய இடம் எல்லாம் மெல்லியதாகவே இருக்கும். உளிக்கம்பியால் குத்திப் பார்த்துக்கொண்டே போங்கள்.

கழுத்தில் இரண்டு பனிமுளைகள் (பனியில் குத்திப் பிடித்து ஏற உதவும் கூர்முனைக் கைப்பிடிகள்) தொங்க வேண்டும். உடலில் மிதவைச் சட்டை இருக்க வேண்டும். தனியாகப் போகக் கூடாது. உள்ளே விழுந்தால் என்ன ஆகும் என்பதை, தன்னையே உறைநீரில் இறக்கி ஆராய்ந்த கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று சுருக்கித் தந்திருக்கிறார். முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும். தலையை மேலே வைத்து அதை மட்டும் அடக்குங்கள். அடுத்த 10 நிமிடம்தான் கை கால் சொன்னபடி கேட்கும். வந்த திசைக்கே திரும்பி, ஏனென்றால் உங்களைத் தாங்கிய பனி அங்கேதான் இருக்கிறது, முளைகளைக் குத்தி, காலை உதைத்து, வயிற்றால் ஏறி உருண்டு விலகுங்கள். எழுந்து நிற்காதீர்கள். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். பலர் அதுவரை மிதக்க முடியாமல் முன்னாலேயே மூழ்கிவிடுகிறார்கள். மிதவைச் சட்டையை நான் ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

கே: கார் ஏத்தலாமா?

ப: என்னிடம் அனுமதி கேட்காதீர்கள். நான் ஏற்ற மாட்டேன்.

கே: பெர்ச் மீனுக்கு என்ன லூர்?

ப: பெர்ச் பகலில் கூட்டமாக அலையும், இருட்டினால் அடங்கிவிடும். சிறிய ஜிக்கில் புழு. கூட்டம் நகர்ந்தால் நீங்களும் நகருங்கள். வெப்பநிலையை இவரும் எழுதவில்லை.

கே: தம்பி, நான் பல வருஷமா ஏரியில உட்கார்றவன். இதெல்லாம் சரி, முக்கியமான ஒண்ண விட்டுட்ட. காத்தழுத்தம் இறங்கும்போது மீன் வெறியா கடிக்கும், ஏறினதும் வாயை மூடிக்கும். அழுத்தமானி இல்லாம நான் வீட்டை விட்டே கிளம்ப மாட்டேன்.

ப: ஐயா, நீங்கள் கண்டது உண்மை. காற்று மாறி மேகம் திரண்டு வரும் நாளில் கடி கூடுவதை நானும் பார்க்கிறேன். அதற்கு அழுத்தம்தான் காரணம் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. கணக்கைப் பாருங்கள். காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) மாறுவதும், மீன் தண்ணீரில் ஒரு சென்டிமீட்டர் ஏறி இறங்குவதும் ஒன்று. ஒரு பெரிய புயல் சின்னமே வந்து 30 ஹெக்டோபாஸ்கல் இறங்கினாலும் அது மீனுக்கு 30 சென்டிமீட்டர். ஒரு புழுவை எடுக்க அதற்கு மேலேயே ஏறி இறங்குகிற மீன், நாள் முழுவதும் மெதுவாக நடக்கும் அந்த மாற்றத்துக்காகப் பட்டினி கிடக்குமா? அதே நாளில் மேகத்தால் வெளிச்சம் குறைகிறது, காற்றால் மேற்பரப்பு கலைகிறது. வாலை (walleye) என்ற மீனைப் போல, மங்கலில் பார்வை கூர்மையான மீனுக்கு அது வேட்டை நேரம்.

கே: (அதே ஐயா) அப்போ பனிக்கு அடியில? அங்க காத்தும் இல்ல, அலையும் இல்ல. அங்கயும் அழுத்தம் ஏறினா கடி நிக்குதே!

ப: இது நல்ல கேள்வி. காற்றும் அலையும் அங்கே இல்லைதான். ஆனால் வெளிச்சம் பனிக்கட்டியைத் தாண்டி இறங்கும். அழுத்தம் ஏறும் நாள் பெரும்பாலும் வானம் துடைத்துவிட்டது போல வெளுத்திருக்கும் நாள். பனித்தூவி மூடாத தெளிந்த பனிக்கட்டியில் வெயில் நேரே கீழே போகும். ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். குறிப்பேட்டில் அழுத்தத்தோடு மேகத்தையும் பனித்தூவியின் தடிமனையும் எழுதுங்கள். மேகமூட்டம் மாறாமல் அழுத்தம் மட்டும் ஏறிய நாட்களைத் தனியாக எடுத்துப் பாருங்கள். அந்த நாட்களிலும் கடி நின்றிருந்தால் என் வாதம் ஆட்டம் காணும்.

கே: ஐயா சொல்றதுதான் சரி. மீனோட காத்துப்பைக்கு அழுத்தம் தெரியும்னு சொல்றாங்களே?

ப: தெரியும். ஆழம் மாறினாலும் அதே பைக்குத்தான் தெரியும். மேலே உள்ள கணக்கே இதற்கும் பதில்.

கே: அழுத்தமானி வாங்கலாமா, வேண்டாமா?

ப: அந்தப் பணத்துக்கு வெப்பமானியும் பனிமுளையும் வாங்குங்கள். அழுத்தம் பற்றி இதற்கு மேல் பதில் எழுதப்போவதில்லை; இன்னும் ஐந்தாறு பேர் அதையே கேட்டிருக்கிறார்கள்.

கே: பதினஞ்சு மீட்டர் ஆழத்துல பெர்ச் பிடிச்சேன். வாயிலிருந்து பலூன் மாதிரி வெளிய வந்துடுச்சு. ஊசியால குத்திட்டு விட்டேன். சரியா?

ப: சரியில்லை. வாய்வழியாகத் தள்ளப்பட்டு வந்தது அதன் இரைப்பை. நீங்கள் குத்தியது அதைத்தான். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. அங்கிருந்து தூக்கினால் காற்றுப்பை இரண்டு மடங்காக உப்பும், 20 மீட்டரிலிருந்து என்றால் மூன்று மடங்கு. ட்ரௌட், பைக் மீன்களுக்குக் காற்றுப்பையிலிருந்து உணவுக்குழாய்க்கு வழி உண்டு, காற்றை வெளியே விட முடியும். பெர்ச், வாலை, பர்பாட் மீன்களுக்கு அந்த வழி இல்லை. ஆகவே இவற்றை ஆழத்தில் பிடித்துவிட்டு விடுவிப்பது பல நேரம் விடுவிப்பே இல்லை. நீந்திப் போவது போலத் தெரியும், பிறகு சாகும். தேவையானது கிடைத்ததும் ஆழத்தில் தூண்டில் போடுவதை நிறுத்துங்கள். விடுவிக்கும் எண்ணத்தோடு போகிறவர்கள் 10 மீட்டருக்குள் போடுங்கள். பிடித்த மீனைப் பனித்தரையில் கிடத்திப் படம் எடுக்காதீர்கள். கடுங்குளிரில் செவுளின் மெல்லிய இழைகளும் கண்ணும் சீக்கிரமே உறையத் தொடங்கும். ஈரக்கையோடு தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் கடுமையாகப் பேசுவதாகச் சிலர் நினைக்கலாம். அந்த மீனுக்காகத்தான் பேசுகிறேன்.

கே: துளை போட்டதும் மீன் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. பிடிச்சுக்கலாமா?

ப: அது மூச்சுக்குத் திணறுகிறது. 0 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 14 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் கொள்ளும். ஆனால் மேலே பனித்தூவி மூடி வெளிச்சம் நின்றுவிட்டால் செடி ஆக்சிஜன் தராது, அழுகும் செடி இருப்பதையும் தின்றுவிடும். ஆழமில்லாத, செடி மண்டிய ஏரிகளில் குளிர்காலக் கடைசியில் மீன் கூட்டமாகச் சாவது இதனால்தான். அந்த ஏரியைக் கவனிக்கும் மீன்வளத் துறைக்கு உடனே சொல்லுங்கள்.

கே: ராத்திரியில என்ன மீன் கிடைக்கும்?

ப: பர்பாட். நன்னீரில் வாழும் காட் (cod) இன மீன் இது. மற்றவை முடங்கும் நடுக்குளிரில்தான், பனிக்கு அடியில் முட்டையிடும். இருட்டிய பிறகு அடியை ஒட்டி செத்த மீன் துண்டு போடுங்கள். பைக் மீனும் குளிரில் செத்த இரையை எடுக்கும், ஆனால் பகலில்.

கே: பனிக்கூடாரத்துக்குள்ள கேஸ் அடுப்பு வச்சுக்கறோம், கதகதப்பா இருக்கு.

ப: மேலும் கீழும் காற்றுவழி திறந்திருக்கிறதா? கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலைவலி, தூக்கக் கலக்கம் வந்தால் உடனே வெளியே வாருங்கள். எச்சரிக்கைக் கருவி இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.

கே: கொஞ்சம் மது எடுத்தா குளிர் தெரியாதே?

ப: தெரியாது, அதுதான் ஆபத்து. தோலுக்கு இரத்தம் பாய்ந்து உடலின் சூடு வெளியே போய்விடும்.

கே: ட்ரௌட்டுக்கு என்ன லூர்? எந்த நிறம்?

ப: நிறத்தைக் கடைசியில் யோசியுங்கள். முதலில் ஆழம், பிறகு வேகம், பிறகு அளவு. 10 டிகிரிக்கு மேல் ட்ரௌட் துடிப்பாகத் துரத்தும். 4 டிகிரியில் இரையை இழுத்துவிட்டுப் பத்து நொடி நிறுத்தினால்தான் எடுக்கும். லூர் பற்றி வந்த மற்ற கேள்விகளுக்கும் இதே பதிலைக் கொள்ளுங்கள்.

கே: குளிர் குறைய ஆரம்பிச்சிடுச்சு. பனி இன்னும் முப்பது சென்டிமீட்டர் இருக்கு. தைரியமா போகலாம்ல?

ப: போகாதீர்கள். 10 சென்டிமீட்டர் என்று நான் சொன்னது புதிய பனிக்கட்டிக்கு. வெயில் ஏறத் தொடங்கியதும் பனிக்கட்டி உள்ளுக்குள் நெட்டுக்குத்தான ஊசிகளாகப் பிரியும். தடிமன் அப்படியே இருக்கும், பிடிப்பு இருக்காது. உளிக்கம்பி ஒரே குத்தில் இறங்கினாலோ, நிறம் சாம்பலாகக் கறுத்திருந்தாலோ, கரையை ஒட்டித் தண்ணீர் தெரிந்தாலோ அந்த ஏரியில் இந்த வருடத்துப் பனித்தூண்டில் முடிந்தது. கரை முழுக்கத் திறந்ததும், வெயில் படும் ஆழமில்லாத குடாவில் கரையிலிருந்தே போடுங்கள். தண்ணீர் முதலில் சூடாவது அங்கேதான்.