வன்னியில் பருந்து, கழுகு பார்க்க எங்கே போகலாம்?

விடுமுறைக்குக் கிளிநொச்சி வருவதாகவும், சில நாட்களுக்குள் எங்கெங்கே போனால் அதிக வகைப் பருந்துகளைப் பார்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இடம் இடமாக ஓடாதீர்கள். ஒரு குளக்கட்டைத் தேர்ந்தெடுத்து, காலை ஒன்பது மணிபோலப் போய் மத்தியானம் வரை அங்கேயே இருங்கள். வெயில் ஏறி நிலம் சூடான பிறகு எழும் காற்றில்தான் இவை சிறகடிக்காமல் வட்டமிட்டு மேலே போகும். இரணைமடுக் குளம் அதற்கு நல்ல இடம்.

முதலில் செம்பருந்தை ஆசைதீரப் பாருங்கள். கோழிக்குஞ்சு தூக்கும் பிராந்துதானே என்று ஊரில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எனக்கோ, அது தண்ணீரில் முழுகாமல் மேலாகத் தாழ்ந்து மீனைக் காலால் கொத்திக்கொண்டு எழும்புவதைப் பார்க்க இன்னும் அலுக்கவில்லை. வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு, எளிதாகத் தெரியும். இளசுகள்தான் குழப்பும், அவை முழுக்கத் தவிட்டு நிறம். அப்போது வாலைப் பாருங்கள். நுனி வட்டமாக இருந்தால் செம்பருந்து, மீன்வால் போலப் பிளந்திருந்தால் கரும்பருந்து. கரும்பருந்து இலங்கையின் தெற்கில் அரிது, மன்னார், யாழ்ப்பாணப் பக்கம் தாராளம்.

பெரியதாக ஒன்று, சிறகுகளைச் சற்று மேல்நோக்கி வைத்தபடி மிதந்தால் அது வெள்ளைவயிற்றுக் கடற்கழுகு. விரித்த சிறகு ஏறத்தாழ 2 மீற்றர் வரும். பெயரில் கடல் இருந்தாலும் உள்ளூர்க் குளங்களுக்கும் வரும். நந்திக்கடல், கொக்கிளாய், சுண்டிக்குளம் ஆகிய கடலோரக் களப்புகள் பக்கம் போனால் நிச்சயம் தேடுங்கள். மீனோடு கடற்பாம்பையும் பிடிக்கும்.

காட்டு ஓரத்தில் உயரத்திலிருந்து நீண்ட சீழ்க்கை கேட்டால் பாம்புக் கழுகு. சிறகின் அடியில் அகலமான வெள்ளைப் பட்டை தெரியும்.

ஐப்பசி, கார்த்திகைக்குப் பிறகு வந்தால் வலசை வருபவையும் சேரும். அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது விராலடிப்பான் என்னும் மீன்பிடிப் பருந்து. அந்தரத்தில் சிறகடித்து நின்று, கால்களை முன்னால் நீட்டித் தண்ணீருக்குள் விழும். சில வேளை உடம்பு முழுக்க மூழ்கிவிடும். எழுந்ததும் ஒருமுறை உடம்பை உதறும். அப்புறம் பறந்தபடியே மீனின் தலையை முன்பக்கம் திருப்பிப் பிடிக்கும், காற்று குறைவாகத் தடுக்க வேண்டுமே! வெளிவிரலைப் பின்னுக்குத் திருப்ப முடிவதால், வழுக்கும் மீனை இரண்டு விரல் முன்னும் இரண்டு பின்னுமாக இறுக்கிக்கொள்கிறது. இதை ஒருமுறை பார்த்தால் போதும், நீங்கள் மறுபடி வருவீர்கள்.

காலபோக நெல் அறுவடை (அருவி வெட்டு) காலமானால் வயல் பக்கமும் போங்கள். ஒளிய இடமில்லாமல் எலிகள் வெளியே வரும். பூனைப்பருந்து கதிர்களை உரசுவது போலத் தாழப் பறந்து தேடும்.

கண்ணைவிடக் காது உதவும். ஆட்காட்டி விடாமல் கத்தினாலோ, காகங்கள் கூட்டமாகத் துரத்தினாலோ உடனே மேலே பாருங்கள். கரிக்குருவி தன்னைவிடப் பலமடங்கு பெரிய கழுகின் முதுகில் கொத்தித் துரத்துவதும் இங்கே வழமை.

கூடு கண்டால் தயவுசெய்து மரத்தடிக்குப் போகாதீர்கள். தாய் எழுந்து போனால் முட்டையைக் காகம் எடுத்துவிடும். கடற்கழுகு ஒரே கூட்டுக்கு ஆண்டுதோறும் சுள்ளி சேர்த்துப் பெருப்பிக்கும் பறவை. அதனால்தான் குளக்கரையில் பழைய மருதமரம் ஒன்றை வெட்டிப் போட்டிருப்பதைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. அவ்வளவு பெரிய கூட்டைத் தாங்கும் மரம் நம் ஆயுளில் மறுபடி வளராது.

8×42 தொலைநோக்கி இருந்தால் கொண்டுவாருங்கள், எட்டு மடங்குக்கு மேல் பெருக்கம் கூடினால் கை நடுக்கம் பெரிதாகத் தெரியும். பறவையைப் பார்த்தபடி பற்றைக்குள் இறங்க வேண்டாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இன்னும் நிற்கும் இடங்கள் உண்டு. அந்தப் பக்கம் போகவே கூடாது. பொழுதுபடும் முன் குளக்கட்டை விட்டுக் கிளம்புங்கள், யானை வரும்.